சுழலும் தண்ணீருக்கு ஒரு உத்தரவாதம்

மேகம் கை கழுவப் போனால் அந்த வீட்டில் யாரும் அவசரப்படக் கூடாது. அடைப்பானைப் போட்டுக் கழுவுதொட்டியை நிரப்புவாள். பிறகு அதைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குவதைக் குனிந்து பார்ப்பாள். சோப்பு நுரை ஒன்று ஓரத்திலிருந்து கிளம்பும். முதல் வட்டம் சோம்பல் முறித்தபடி. அடுத்தது கொஞ்சம் சின்னது. அதற்கடுத்தது இன்னும் வேகம். கடைசியில் கண் சிமிட்டுவதற்குள் ஓட்டைக்குள் போய்விடும். ஈரக் கை சொட்டச் சொட்ட அவள் நின்றுகொண்டே இருப்பாள். கண் இங்கே, ஆள் எங்கேயோ.

"போதும் வாம்மா, உன் தண்ணி எங்கயும் ஓடிடாது" என்று அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுப்பாள். ஓடித்தானே போகிறது, அதுதானே பிரச்சினையே என்று மேகம் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அவளுக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. கல்லூரியின் வருகைப் பதிவேட்டைத் தவிர அது எங்கேயும் புழங்கவில்லை. மேகம் என்று வைத்தது அவளுடைய அண்ணன். அவளுக்கு ஏழு வயது, அவனுக்குப் பதினைந்து. "கூப்பிட்டா வராது, தானா எப்பவாவது வரும். அப்ப மேகம்தானே?" என்றான். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது நாற்பத்தெட்டு வயதில் கணக்குப் பேராசிரியையாக இருக்கிறாள், மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் மேகம் மேடம் என்கிறார்கள். எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ!

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் அண்ணியே முந்திக்கொள்வாள். "ஒருத்தரை அறிமுகம் செஞ்சு வெச்சோம். நல்ல மனுஷன். அவர் காபியைக் கலக்கினார். இவ அந்தக் காபி சுத்துறதைப் பார்த்துட்டே இருந்தவ, அவர் முகத்தைப் பார்க்க மறந்துட்டா. அப்புறம் அவர் ரோட்டுல வந்தா இவளுக்கு அடையாளமே தெரியலை." பாதி பொய். மீதிப் பாதி சத்தியமான உண்மை.

அவள் பார்த்த வேலை என்ன என்று சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், சுருக்கமாகவே சொல்கிறேன். தண்ணீரோ காற்றோ எப்படி ஓடும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. பெரியவர்கள் எழுதிவைத்து இருநூறு வருஷம் ஆகப் போகிறது. பகுதி வகைக்கெழுச் சமன்பாடு என்று பாடப் புத்தகம் சொல்லும். வாயில் நுழையாவிட்டால் விட்டுத்தள்ளுங்கள். விமானம் பறப்பது அதை வைத்துத்தான், மழை வருமா என்று சொல்வதும் அதை வைத்துத்தான். ஆனால் அந்த விதியை நம்பி ஒரு துளியைக் காகிதத்தில் ஓடவிட்டால், அது கடைசிவரை ஒழுங்காக ஓடுமா, இல்லை நடுவில் ஏதாவது ஒரு புள்ளியில் வேகம் எல்லையில்லாமல் ஏறிக் கணக்கே வெடித்துவிடுமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. நிஜத் தண்ணீர் சாதுவாக ஓடுகிறது. காகிதத் தண்ணீருக்குத்தான் உத்தரவாதம் இல்லை. மேகம் அந்தக் காகிதத் தண்ணீருக்கு ஜாமீன் கொடுக்க முயன்ற ஆட்களில் ஒருத்தி. விடை கண்டுபிடிப்பது அவள் வேலை இல்லை. விடை ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று நிரூபிப்பதுதான் வேலை.

மொத்தத் தண்ணீருக்கும் இல்லை. அவ்வளவு பேராசை அவளுக்குக் கிடையாது. ஒரே ஒரு குழாய். அதற்குள் சுழன்றுகொண்டே போகிற தண்ணீர். அதுவும் கொஞ்சமாகச் சுழல்கிற தண்ணீர்.

அந்தக் குழாய் அண்ணனுடையது. அவன் நீரேற்று நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவனாக இருந்தான். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் மேகம் அவனுக்குச் சாப்பாட்டு டப்பா எடுத்துப் போனாள். பம்பு அறை முழுக்க எண்ணெய் வாசனை. பச்சை வண்ணம் அடித்த பெரிய குழாய் ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு போயிற்று. நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அண்ணன் அந்தக் குழாயில் காதை வைத்துக்கொண்டு நின்றான்.

"மேகம், இங்க வா. கையை வை. உதறுதா?"

"இல்லையே."

"கண்ணாடியில பாரு. தண்ணி சுத்திக்கிட்டே போகுது, தெரியுதா? வளைவுல திரும்புறப்ப சுத்தல் எடுத்துக்கும். ரொம்பச் சுத்தினா குழாய் கிடுகிடுன்னு உதறும். கொஞ்சமா சுத்தினா பரம சாது." பிறகு நெற்றியைச் சொறிந்துகொண்டு கேட்டான். "நீதான் இதெல்லாம் படிக்கிறியே. கொஞ்சமா சுத்துற தண்ணி எப்பவுமே இப்படி சாதுவா போகும்னு சொல்ல முடியுமா?"

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்றாள் மேகம். கண்ணாடிக்குள் ஒரு காற்றுக் குமிழி சுற்றிச் சுற்றிப் போனது. அவளும் அதன் பின்னாலேயே போய்விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பாட்டு டப்பாவை அண்ணனிடம் கொடுக்காமலே வீட்டுக்குத் திரும்ப எடுத்து வந்துவிட்டாள்.

அதன் பிறகு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அவன் கேட்பான். "என்ன மேகம், என் குழாய் என்ன ஆச்சு?" பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பாள். "பொறுமையா பாரு. எனக்கு என்ன அவசரம்?" என்பான்.

அவசரம் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால், மத்தியானம், அதே பம்பு அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கொண்டுபோனது அண்ணி நர்ஸாக வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரிக்கு. அண்ணி அப்போது மூன்றாவது மாடியில், யாரோ ஒரு அம்மாளுக்கு டிரிப் ஏற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கீழே வந்திருப்பது யாருடைய வீட்டுக்காரர் என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்து, ஆள் ஓடி வந்து சொல்லி, இவள் படி இறங்குவதற்குள் அரைமணி நேரம் ஆகிவிட்டது. அந்த அரைமணி முழுக்க அவனுக்கு நினைவு இருந்தது, இவளைக் கேட்டான் என்றார்கள். அண்ணி அதைப் பற்றி மேகத்திடம் ஒரே ஒரு தடவை பேசினாள். பிறகு பேசவில்லை.

அவன் இருந்த மாடி வீட்டிலேயே, அந்த இரண்டு அறையிலேயே, இரண்டு பெண்களும் சேர்ந்து தங்கிவிட்டார்கள். நாத்தனாரும் அண்ணியும் எட்டு வருஷமாக ஒரே கூரையிலா என்று வாயைப் பிளந்தவர்கள் உண்டு. சண்டை இல்லாமல் இல்லை. குளியலறை விளக்கு, தண்ணீர்த் தொட்டி, ஈரத் துண்டு என்று நாளுக்கு ஒன்று இருக்கும். சண்டை போடவும் ஒரு ஆள் வேண்டுமே!

மேகம் கடைசியில் அண்ணனுக்கான பதிலை எழுதி முடித்தாள். நாற்பத்துமூன்று பக்கம். குழாய்க்குள் தண்ணீர் ஓர் அளவுக்குள் சுழன்றால், அது எப்போதும் வெடிக்காது. எப்போதும். ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினாள். இரண்டு மதிப்பாய்வாளர்கள் பதினான்கு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, சரி என்றார்கள். அச்சுப் பிழை திருத்துவதற்கான தாள்கள் வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

கடைசிப் பக்கத்தில், எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு, ஒரு வரி இருந்தது. 'பம்பு அறையில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட என் அண்ணனுக்கு.'

அண்ணி அந்த வரியை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். "அச்சுல வந்துடுமா?" என்றாள்.

"வந்துடும் அண்ணி."

"உலகம் பூரா போகுமா?"

"இதைப் படிக்கிறவங்க உலகம் பூரா சேர்த்தா ஒரு பஸ்ஸுல ஏத்திடலாம். ஆனா போகும்."

"அது போதும்" என்றாள் அண்ணி. மறுநாளே வார்டில் டாக்டர், ஆயா, கட்டில் நோயாளி ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் பெயர் அச்சில் வரப்போகிறது. அவருடைய பெயர் அந்த வரியில் இல்லை என்று மேகம் ஞாபகப்படுத்தினாள். "அண்ணன்னு போட்டா எல்லாருக்கும் தெரியும். உனக்கு என்ன பத்து அண்ணனா இருக்காங்க?" என்று அண்ணி அடக்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அண்ணிக்கு விடுமுறை. மத்தியான வெயில் சன்னல் வழியாக மேசைமேல் விழுந்திருந்தது. மேகம் அச்சுத் தாள்களைப் பரப்பி வைத்துக் கால்புள்ளி கால்புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே தலைகீழாக ஒரு பக்கத்தைப் பார்த்தாள்.

"இந்த சி யாரு? பக்கத்துக்குப் பக்கம் வந்து நிக்கிறார்."

மேகம் சிரித்தாள். "அது மாறிலி. ஏதோ ஒரு எண். எவ்வளவுன்னு முக்கியமில்லை, ஒரு எல்லைக்குள்ள இருக்கான்னு தெரிஞ்சா போதும்."

"இந்த வரியில இருக்கிற சி-யும் அடுத்த வரியில இருக்கிற சி-யும் ஒரே எண்தானே?"

"இல்லை அண்ணி. இங்க ரெண்டுன்னா அங்க ஆறா இருக்கலாம். முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன் பாருங்க, 'சி வரிக்கு வரி மாறலாம்'னு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேர் வெச்சா எழுத்து பத்தாது."

"அடப்பாவிகளா! மாறிலின்னு பேர் வெச்சுட்டு வரிக்கு வரி மாத்துவீங்களா? நாங்க ஒரே லேபிளை நாலு மருந்து பாட்டில்ல ஒட்டினா கம்பி எண்ணணும், தெரியுமா?"

"அது வேற, இது வேற. இங்க பாருங்க, சி-யை சி-யால பெருக்கினா மறுபடி சி. ரெண்டு சின்ன எண்ணைப் பெருக்கினா வர்றதும் ஏதோ ஒரு எண்தானே? அதையும் சி-ன்னே எழுதிடலாம்."

அண்ணி ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள். "எத்தனை தடவை?"

"என்ன எத்தனை தடவை?"

"இந்தப் பெருக்கல்தான். காலை ஷிஃப்ட்ல ஒருத்தி டிரிப்பை ரெண்டு மடங்கு வேகமா வைக்கிறா, சார்ட்ல சி-ன்னு எழுதுறா. அடுத்த ஷிஃப்ட்ல வர்றவ சி-யைப் பார்த்துட்டு அவ பங்குக்கு ரெண்டு மடங்கு ஏத்துறா, அவளும் சி-ன்னே எழுதுறா. எத்தனை ஷிஃப்ட்னு கேக்க வேண்டாமா?"

இரண்டு மூன்று தடவைதான் என்று சொல்ல மேகம் வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. முப்பத்தோராம் பக்கத்தை எடுத்தாள். படித்தாள். மறுபடி படித்தாள்.

முப்பத்தோராம் பக்கத்தில் அவள் செய்திருந்தது இதுதான். ஒரு மணி நேரத்தில் தண்ணீரின் வேகம் சி மடங்குக்கு மேல் ஏறாது என்று நிரூபித்திருந்தாள், அதில் பழுதில்லை. பிறகு, அந்த ஒரு மணி முடிந்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்து, இன்னொரு மணி. அதற்குப் பிறகு இன்னொன்று. சங்கிலிக் கண்ணி மாதிரி கோர்த்துக்கொண்டே போனால் எப்போதும் என்று ஆகிவிடும் அல்லவா? ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சி பெருகியது. ஒவ்வொரு தடவையும் அதை சி என்றே எழுதியிருந்தாள். மூன்று கண்ணிக்கு அது சரி. ஆனால் எப்போதும் என்றால் கண்ணிகளுக்கு முடிவு இல்லை. வெறும் இரண்டைப் பத்துத் தடவை பெருக்கினால் ஆயிரத்தைத் தாண்டும். இருபது தடவையென்றால் பத்து லட்சத்தைத் தாண்டும். முழுப் பூசணிக்காய், நாற்பத்துமூன்று பக்கச் சோற்றில். மறைத்ததும் அவள்தான், கண்ணில் படாமல் விட்டதும் அவள்தான்.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்லை அண்ணி. கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்."

காலையில் மழை பெய்து விட்டிருந்தது. தெருவோரத்து வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் ஓடியது. ஒரு சருகு சுழன்றுகொண்டே அவளுக்கு முன்னால் போயிற்று. மேகம் அதோடு கூடவே நடந்தாள். தையற்கடை, சைக்கிள் கடை, அடைத்துக் கிடந்த தபால் அலுவலகம். ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் கடக்கும்போது வாய் தானாக முணுமுணுத்தது. இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. தெரு நீளமாகிக்கொண்டே போவதுபோல் இருந்தது. பக்கத்தில் போகிற பஸ்ஸின் சத்தம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் கேட்டது. இருபத்தேழாவது கம்பத்தில் எண் வாயில் அடங்கவில்லை. சருகு சாக்கடை வாயின் கம்பிச் சல்லடைக்குள் போய் மறைந்துவிட்டது. எங்கே வந்து நிற்கிறோம் என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. யாரோ ஒரு பூட்டுக்காரரிடம் வழி கேட்டுத்தான் வீடு திரும்பினாள்.

புதன்கிழமை முழுக்க ஒட்டுப்போடப் பார்த்தாள். தலைகீழாக நின்றாள். சி-யைக் கொஞ்சம் இறுக்கினால்? ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தால்? வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். கனவில் பம்பு அறை. எண்ணெய் வாசனைகூட வந்தது. அண்ணன் பச்சைக் குழாயில் காதை வைத்துக்கொண்டு நின்றான். மேகம் ஒவ்வொரு தடவை சி என்று சொல்லும்போதும் அவன் பக்கத்திலிருந்த சக்கரத்தை ஒரு பிடி திருப்பினான். கோபமே இல்லை அவன் முகத்தில். அவள் சொன்னாள் என்பதற்காகத் திருப்பினான், அவ்வளவுதான். குழாய் முதலில் முனகியது, பிறகு உதறியது. நிறுத்துண்ணா, நிறுத்து என்று அவள் கத்தினாள். "நீதானே மேகம் சரின்னு சொன்னே?" என்று அவன் கேட்டான்.

விழித்தபோது அண்ணி எதிரே நின்றாள். மேகம் எல்லாவற்றையும் சொன்னாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை வேறு எப்படிச் சொல்வது? நேராகச் சொன்னாள். எப்போதும் என்பது பொய். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும்.

"அந்த வரி?" என்றாள் அண்ணி.

"அதுவும் போயிடும்."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் எதுக்கு வாயைத் தொறந்தேன்! பட்டாணி உரிச்சோமா எழுந்து போனோமான்னு இல்லாம!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "யாருக்குத் தெரியும் மேகம்? பெரியவங்க ரெண்டு பேர் ஒரு வருஷத்துக்கு மேல பார்த்து சரின்னுட்டாங்க. நமக்கு ரெண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்?"

"ஆமா. பத்து வருஷம் ஆனாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. ஆனா அதுக்குள்ள யாராவது ஒருத்தர் இதை நம்பி, இதுக்கு மேல ஒண்ணைக் கட்டுவாங்க."

"கட்டட்டுமே!"

"அண்ணி."

"எனக்கு அந்த ஒரு வரி வேணும்" என்றாள் அண்ணி. "அந்த அரைமணி நான் அவர் பக்கத்துல இல்லை. எங்கயாவது ஒரு இடத்துல அவர் இருந்தார்னு அச்சுல இருக்கட்டும்னுதான் கேக்குறேன். வேற என்ன கேட்டேன் உன்கிட்ட?"

மேகத்துக்கு அழுகை வந்தது. அண்ணி எழுந்து, சீருடையைப் பையில் திணித்து, மாலை ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனாள். சாத்திய கதவில் மாட்டியிருந்த சாவிகள் ரொம்ப நேரம் ஆடின.

வெள்ளிக்கிழமை காலை அடுப்படியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் காபி குடித்தார்கள். பிறகு அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்தத் தாளைக் கொண்டா" என்றாள். மேகம் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் எடுத்து வந்தாள்.

"எந்தச் சொல்லு தப்பு?"

மேகம் விரல் வைத்துக் காட்டினாள். எப்போதும்.

"கிறுக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு. கீழ இருக்கிறது படிக்கத் தெரியணும். பக்கத்துல உன் கையெழுத்து, தேதி, நேரம். சார்ட்ல தப்பா எழுதிட்டா எங்களுக்கு அதான் சட்டம். முதல் வருஷத்துல நான் ஒரு தடவை ஒரு சொட்டுக் கணக்கைத் தப்பா எழுதிட்டேன். அழிச்சிட்டு மாத்தலாம்னு பார்த்தேன். சீனியர் நர்ஸ் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க." அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "ராத்திரி பூரா அதேதான் நெனப்பு. அவர் குழாயிலயே பொய் எழுதி அவர் பேரைக் கீழ போட்டா, அவர் சும்மா விடுவாரா? ஒரு நட்டு லூஸா இருந்தாலே வீட்டுக்கு வராத மனுஷன்."

மேகம் கோடு போட்டாள். கையெழுத்திட்டாள். அண்ணி பேனாவை வாங்கி, அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள். இரண்டாவது ஆள் சாட்சி வேண்டுமாம், அதுவும் சட்டமாம். கடைசிப் பக்கத்து வரியை இருவரும் தொடவில்லை.

பத்திரிகை ஆசிரியருக்கு மேகம் கடிதம் எழுதினாள். முப்பத்தோராம் பக்கத்தில் தவறு இருக்கிறது, கண்டுபிடித்தது என் அண்ணி, ஒரு நர்ஸ் என்று எழுதினாள். மரியாதையான பதில் வந்தது. கட்டுரை விலக்கப்பட்டது, புதிதாக எழுதினால் முதலிலிருந்து பார்ப்பார்களாம். கல்லூரியில் சிலர் துக்கம் விசாரித்தார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒருத்தர் ஆறுதல் சொன்னார். சறுக்கியது யானை இல்லை, வெறும் மேகம் என்று அவள் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை. வார்டில் அண்ணி ஒவ்வொரு கட்டிலாகப் போய், அச்சில் வரவில்லை, தப்பு இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்ன வாய்தானே திருத்தவும் வேண்டும் என்றாள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும், என்னால் முடிந்திருக்காது.

பிறகு மேகம் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை வரிக்கு வரி மாறுகிற சி கிடையாது. சி ஒன்று, சி இரண்டு, சி மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, அது எதைப் பொறுத்து ஏறும், எதைப் பொறுத்து இறங்கும் என்ற குறிப்போடு. ஒட்டுவதற்கு அண்ணி ஆஸ்பத்திரி லேபிள் சுருள் மாதிரியே ஒன்றைக் கடையில் தேடிப்பிடித்து வாங்கிவந்தாள். சுவர் முழுக்கச் சீட்டு. சி நாற்பத்தொன்று குளியலறைக் கதவில் ஒட்டிக்கொண்டு மூன்று வாரம் இருந்தது. கழுவுதொட்டியில் நுரை எப்போதும்போல் சுற்றியது. மேகம் எப்போதும்போல் பார்த்தாள். கண்கள் மட்டும் இப்போது வட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தன.

ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை வரப்போகிற இருட்டு. அண்ணி சன்னலோரம் உட்கார்ந்து சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மேகம் பேனாவை மூடி வைத்தாள்.

"முடிஞ்சுது அண்ணி."

அண்ணி ஊசியை நிறுத்தினாள். "எல்லா சி-யும் சரியா இருக்கா?"

"அறுபத்துநாலும் சரியா இருக்கு."

"அப்ப அவர் கேட்டதுக்கு என்ன பதில்? எப்பவுமே சாதுவா போகுமா?"

"அது எனக்குத் தெரியாது அண்ணி. போகலாம். என்னால சொல்ல முடியலை. ஆனா இப்படிச் சொல்லலாம். எவ்வளவு நேரம் வேணும்னு முதல்ல சொல்லணும். ஒரு மணி, ஒரு வருஷம், ஆயிரம் வருஷம், எதுவா இருந்தாலும் சரி. அதைச் சொல்லிட்டா, சுத்தல் எவ்வளவுக்குள்ள இருந்தா அவ்வளவு நேரமும் தண்ணி ஒழுங்கா போகும்னு நான் சொல்லிடுவேன். அதுக்கு உத்தரவாதம் உண்டு."

அண்ணி யோசித்தாள். "டிரிப் மாதிரி. பாட்டில் எவ்வளவு நேரம் ஓடணும்னு டாக்டர் எழுதுவார். அதை வெச்சு நிமிஷத்துக்கு எத்தனை சொட்டுன்னு நான் வைப்பேன். இதுக்கா இருபது வருஷம்?"

"இருபத்திரண்டரை."

இருவரும் சிரித்தார்கள். முதல் துளிகள் சன்னல் கண்ணாடியில் விழுந்து, கோணலும் மாணலுமாக இறங்கின. மேகம் அவற்றில் ஒன்றின் பின்னால் போகப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் கேட்டாலும் உண்டா?" என்றாள் அண்ணி.

"எவ்வளவு கேட்டாலும். முன்கூட்டியே கேக்கணும், அவ்வளவுதான்."

அண்ணி பொத்தானைப் பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு சீருடையை மடிமேல் வைத்துக்கொண்டு, யாரிடமோ கேட்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு அரைமணி நேரம் போதும்."

துளி கண்ணாடியின் அடிவரைக்கும் போய்விட்டது. மேகம் அதைப் பார்க்கவில்லை. எழுந்து போய் அண்ணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.